எந்தத் தேசிய அணி பெரியது? 1992 டிரீம் டீம் இல்லை என்பது என் கட்சி

ஆறாவது ஆள்:
கூடைப்பந்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய தேசிய அணி எது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க டிரீம் டீம் என்பார்கள். ஆட்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கும் மறுப்பே இல்லை. ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், பார்க்லி, மலோன், ஸ்டாக்டன், பிப்பன், யூயிங், டேவிட் ராபின்சன், ட்ரெக்ஸ்லர், மலின். பன்னிரண்டு பேரில் லேட்னரைத் தவிர பதினோரு பேரும் பிறகு கூடைப்பந்தின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். எட்டு ஆட்டங்களில் சராசரி வெற்றி வித்தியாசம் 43.8 புள்ளி, மிக நெருக்கமான ஆட்டத்திலேயே 32 புள்ளி வித்தியாசம். பயிற்சியாளர் சக் டேலி போட்டி முழுக்க ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேச ஒரு டைம் அவுட்கூடக் கேட்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். டைம் அவுட் தேவைப்படாத அணியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கடைசி மூன்று நிமிடத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தால் பந்து யார் கையில் போகும், யார் பொறுமை இழப்பார், யாரை வெளியே உட்கார வைப்பார்கள் என்று ஒன்றுமே தெரியாது. அங்கோலாவை 116-48 என்று அடித்தபோது நடுவில் ஒரு கட்டத்தில் 46-1 என்று தொடர்ந்து புள்ளி குவித்தார்கள். பிரமிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து அங்கோலாவின் நிலைமை தெரிகிற அளவுக்கு அமெரிக்காவின் உச்சம் தெரிவதில்லை.

அதனால் என் தேர்வு 1989-91 யுகோஸ்லாவியா. 1989 ஐரோப்பியப் பட்டம், 1990 உலகப் பட்டம், 1991 மறுபடியும் ஐரோப்பியப் பட்டம், மூன்றுக்கும் பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச். பெட்ரோவிச், குகோச், டிவாட்ஸ், ராட்ஜா, பாஸ்பால், பின்னால் ஜோர்ஜெவிச், டானிலோவிச். எதிர்க்கருத்து உள்ளவர்கள் வாருங்கள், நிதானமாகப் பேசுவோம்.

லோ போஸ்ட்:
நண்பரே, நீங்கள் வெற்றியையே குற்றமாக்குகிறீர்கள். எதிரில் நிற்கிற அணியை அடிப்பதுதான் ஓர் அணியின் வேலை, டிரீம் டீம் எல்லோரையும் அடித்தது. எதிரணி பலவீனம் என்று சொல்லி அதைக் குறைப்பது நியாயம் இல்லை.

உண்மையில் எதிரணிகள் அவ்வளவு பலவீனமும் இல்லை. இறுதி ஆட்டத்தில் குரோஷியா 25-23 என்று முன்னிலைகூட எடுத்தது, பெட்ரோவிச் 24 புள்ளி போட்டார், குகோச்சும் ராட்ஜாவும் களத்தில் இருந்தார்கள். கடைசியில் 117-85. அரையிறுதியில் லிதுவேனியாவை 127-76 என்று அடித்தார்கள், அதில் சபோனிஸ், மார்சியுலியோனிஸ் எல்லோரும் இருந்தார்கள். அதாவது 1988 சியோலில் தங்கம் வாங்கிய சோவியத் அணியின் முதுகெலும்பு. அந்த அணியையே 51 புள்ளியில் தோற்கடித்த பிறகும் சோதனை நடக்கவில்லை என்றால் வேறு என்னதான் சோதனை?

ஆறாவது ஆள்:
நீங்கள் சொன்ன இரண்டு ஆட்டங்களையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

1988 சியோலில் இறுதி ஆட்டம் ஆடியது யார்? சோவியத்தும் யுகோஸ்லாவியாவும். அரையிறுதியில் சோவியத் அமெரிக்காவை 82-76 என்று வென்றது, பிறகு இறுதியில் யுகோஸ்லாவியாவை 76-63. இப்போது 1992 பதக்கப் பட்டியலைப் பாருங்கள். இரண்டாம் இடம் குரோஷியா, மூன்றாம் இடம் லிதுவேனியா, நான்காம் இடம் முன்னாள் சோவியத் குடியரசுகள் சேர்ந்து அனுப்பிய ஒருங்கிணைந்த அணி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் லிதுவேனியா அந்த ஒருங்கிணைந்த அணியை 82-78 என்று வென்றது, நான்கு வருடம் முன்னால் ஒரே சட்டை போட்டு விளையாடியவர்கள் எதிரெதிரே நின்றார்கள். அதாவது 1988 இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணிகளும் உடைந்து, அந்தத் துண்டுகள் தனித்தனியாகப் போய் 2, 3, 4 என்று வந்தன. துண்டுகளே அப்படி வந்தன என்றால் முழு அணிகள் என்ன செய்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

யுகோஸ்லாவியா பக்கம் இன்னும் மோசம். 1992 மே மாதக் கடைசியில் ஐநா தடை வந்தது, பெல்கிரேடிலிருந்து அணி விளையாட்டுகளுக்கு யாரும் போக முடியவில்லை. டிவாட்ஸ் அப்போது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏயில் லேக்கர்ஸ் அணியின் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிற உயரமான ஆள். ஜோர்ஜெவிச்சும் டானிலோவிச்சும் அந்த வருடம்தான் பெல்கிரேட் கிளப்பான பார்ட்டிசானுக்கு ஐரோப்பிய கிளப் பட்டம் வாங்கித் தந்திருந்தார்கள், இறுதி ஆட்டத்தில் தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து கடைசி நொடி மூன்று புள்ளியைப் போட்டது ஜோர்ஜெவிச். இவர்கள் மூவரும் பார்சிலோனாவில் இல்லை. குரோஷியாவின் பெட்ரோவிச், குகோச், ராட்ஜாவோடு இவர்களைச் சேர்த்துப் பாருங்கள், பெஞ்சில் பாஸ்பாலும் ஸ்லோவேனியாவின் ஸ்டோவ்ட்ஸும். அந்த அணி டிரீம் டீமை வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சக் டேலி டைம் அவுட் கேட்டிருப்பார்.

பழைய கேசட்:
இந்த இழையில் எல்லோரும் 1988க்கு முன்னால் கூடைப்பந்தே இல்லாத மாதிரி பேசுகிறீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க அணி எங்கே போயிற்று?

சராசரி வித்தியாசம் 42.4. டிரீம் டீமை விட ஒன்றரைப் புள்ளிதான் குறைவு, அதுவும் மூன்று புள்ளி கோடு கிடையாத காலத்தில், தொழில்முறை ஆட்கள் யாரும் இல்லாமல். ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், ஜெர்ரி லூகாஸ், வால்ட் பெல்லமி, பயிற்சியாளர் பீட் நியூவெல். 1961 முதல் 1964 வரை என்பிஏயின் சிறந்த புதுமுக விருது வரிசையாக யாருக்குப் போனது என்று பாருங்கள்: ராபர்ட்சன், பெல்லமி, டிஷிங்கர், லூகாஸ். நான்கு பேருமே ரோம் அணிக்காரர்கள். பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் என்பிஏயில் ஆடினார்கள்.

எதிரணிகளையும் குறைத்துப் பேச முடியாது. சோவியத்தில் 2.18 மீட்டர் உயர க்ரூமின்ஷ் இருந்தார், 81-57 என்று அடித்தார்கள். பிரேசில் அப்போது உலக சாம்பியன், 1959ல் பட்டம் வாங்கிய வ்லாமிர் மார்க்கெஸ், அமாவுரி எல்லோரும் ஆடினார்கள். 90-63. இதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படமாக இருப்பதால்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஸோன் டிஃபென்ஸ்:
எண்களை ஒப்பிடுவதற்கு முன்னால் விதிகளைப் பாருங்கள், இல்லாவிட்டால் நாம் வெவ்வேறு விளையாட்டுகளை ஒன்றாக எடை போடுகிறோம். ரோமில் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்ததும் கூடையை நோக்கி எறிய இருக்கிற நேரம், 30 நொடி, அது 24 ஆனது 2000ல்தான். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா மூன்று புள்ளி கோட்டைக் கொண்டுவந்தது 1984ல், ஒலிம்பிக்கில் முதலில் பயன்பட்டது 1988ல், தூரம் 6.25 மீட்டர். 2010ல் அதை 6.75 ஆக்கினார்கள், அதே சமயத்தில் கூடைக்குக் கீழே இருந்த சரிவகப் பகுதியும் செவ்வகமானது. என்பிஏ கோடு மேல்பகுதியில் 7.24 மீட்டர். டிரீம் டீம் காலத்தில் என்பிஏயில் ஸோன் தடுப்பாட்டம், அதாவது ஆளுக்கு ஆள் இல்லாமல் பகுதி பிரித்துத் தடுப்பது, தடை, ஆனால் ஃபிபா ஆட்டத்தில் தாராளமாக ஆடலாம். பந்து வளையத்தில் பட்ட பிறகு அதைத் தட்டிவிடலாம் என்பதும் ஃபிபாவில் மட்டும்தான்.

இதனால் யாருக்கு லாபம் என்று யோசித்தால், ஐரோப்பியர்களுக்கு. 1980களில் யுகோஸ்லாவியர்களும் லிதுவேனியர்களும் அந்த 6.25 கோட்டை வேறு யாரையும் விட முன்னதாகப் புரிந்துகொண்டார்கள். 1987 ஜூனியர் உலகப் போட்டியில், இத்தாலியின் போர்மியோவில், குகோச் அமெரிக்காவுக்கு எதிராக மூன்று புள்ளி முயற்சி 12ல் 11 போட்டார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பையன், பந்தையும் கொண்டு வருகிறான், பாஸும் கொடுக்கிறான், தூரத்திலிருந்தும் போடுகிறான். இன்றைக்கு எல்லா அணியும் தேடுகிற ஆள் அவன்தான். அதனால் 1990 யுகோஸ்லாவியாவை இன்றைய விதிகளில் இறக்கிவிட்டாலும் அவர்கள் தடுமாற மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 1960 அணி தடுமாறும். ராபர்ட்சன் தடுமாற மாட்டார், அது வேறு விஷயம்.

பழைய கேசட்:
இதுதான் எனக்கு ஒப்பாத வாதம். ராபர்ட்சனையும் வெஸ்ட்டையும் கால எந்திரத்தில் ஏற்றி இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள், ஆனால் இன்றைய பயிற்சியையும் உணவையும் காலணியையும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஓர் அணியை அதன் காலத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். அடுத்த அணியிலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் இருந்தது என்பதுதான் அளவுகோல்.

ஆறாவது ஆள்:
அந்த அளவுகோலில் 1992, 1960 இரண்டுக்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தூரம் என்பது இரண்டு பேரைப் பொறுத்தது. முன்னால் இருப்பவர் வேகமாக ஓடினாலும் தூரம் கூடும், பின்னால் இருப்பவர் இன்னும் நடக்கவே பழகவில்லை என்றாலும் கூடும். அதனால்தான் நான் வித்தியாசத்தை விட்டுவிட்டு நெருக்கடியைப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தேசிய அணி என்பது ஒரு கோடையில் நட்சத்திரங்களைக் கூப்பிட்டு ஒன்றாக நிறுத்துவது மட்டும் இல்லை. யுகோஸ்லாவியாவின் அந்த அணி எப்படி வந்தது என்று பாருங்கள். குகோச், டிவாட்ஸ், ராட்ஜா, ஜோர்ஜெவிச் நால்வரும் போர்மியோவில் பயிற்சியாளர் பெஷிச்சிடம் ஒன்றாக ஆடி ஜூனியர் தங்கம் வாங்கியவர்கள். ஸ்பிளிட் நகர கிளப் 1989, 90, 91 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன், அதில் குகோச்சும் சாவிச்சும் மூன்று வருடமும் இருந்தார்கள். இளம் வயதில் வெளிநாட்டு கிளப்புக்குப் போகக் கட்டுப்பாடு இருந்ததால் நல்ல ஆட்கள் எல்லோரும் உள்நாட்டு லீகில் வாரா வாரம் எதிரெதிரே மோதினார்கள். அவர்களின் பாஸ்களைப் பாருங்கள், ஆள் வெட்டி ஓடுவதற்கு முன்பே பந்து அங்கே போயிருக்கும். 1990 உலகப் போட்டியில், பியூனஸ் அயர்ஸில், அரையிறுதியில் அமெரிக்காவை 99-91, இறுதியில் சோவியத்தை 92-75. அமெரிக்கா அனுப்பியது கல்லூரி அணிதான், தெரியும். ஆனால் அலோன்ஸோ மோர்னிங் அதில் இருந்தார்.

லோ போஸ்ட்:
கல்லூரி அணி என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், அங்கேதான் உங்கள் வாதம் ஓட்டை. டிரீம் டீமுக்குச் சோதனை இல்லை என்று குறை சொல்கிறவர், யுகோஸ்லாவியா ஒருமுறைகூட முழு அமெரிக்க அணியைச் சந்திக்கவில்லை என்பதை ஏன் கணக்கில் வைப்பதில்லை? தொழில்முறை ஆட்களை அனுமதிக்க ஃபிபா 1989ல்தான் வாக்களித்தது, 56-13. 1992க்கு முன்னால் மற்றவர்கள் வாங்கிய எல்லாப் பட்டத்திலும் அமெரிக்காவின் முதல் 200 ஆட்களாவது வெளியே இருந்தார்கள். 1972 ம்யூனிக், 1988 சியோல், 1990 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நெருக்கடிதான் உங்கள் அளவுகோல் என்றால், முழுபலத்தோடு ஆடிய அணிகளில் ஒன்றை எடுங்கள். 2008 பெய்ஜிங் எடுங்கள். 2004ல் வெண்கலத்தோடு திரும்பி, 2006 உலகப் போட்டியில் கிரீஸிடம் 101-95 என்று தோற்று, அதன்பிறகு கோபி பிரையன்டும் ஜேசன் கிட்டும் சேர்ந்து லெப்ரான், வேட், கிறிஸ் பாலோடு கட்டிய அணி. இறுதியில் ஸ்பெயின் நான்காவது பகுதியில் இரண்டு புள்ளி வரை நெருங்கியது. அங்கிருந்து கோபி தூக்கி நிறுத்தினார், 118-107. குழு ஆட்டத்தில் அதே ஸ்பெயினை 119-82 என்று அடித்திருந்தார்கள், ஆனாலும் நான் மதிப்பது இறுதி ஆட்டத்தைத்தான்.

அல்லது 2024 பாரிஸ். அரையிறுதியில் யோகிச்சின் செர்பியாவிடம் 17 புள்ளி பின்தங்கினார்கள், கடைசிப் பகுதி தொடங்கும்போதே 13 பின்னால். 95-91 என்று முடித்தார்கள், ஸ்டீபன் கரி 36 புள்ளி. இறுதியில் பிரான்ஸுக்கு எதிராக அவரே எட்டு முறை மூன்று புள்ளி போட்டார். எதிரில் வெம்பன்யாமா, கோபேர். அந்தப் போட்டியில் கனடா, ஜெர்மனி, கிரீஸ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் என்பிஏ ஆட்கள். உங்கள் அளவுகோலை நேர்மையாக வைத்தால் முதலிடம் பாரிஸுக்குத்தான் போகும்.

இடதுகை:
2004 அர்ஜென்டினாவை யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 1992 முதல் 2024 வரை ஒன்பது ஆண்கள் ஒலிம்பிக் தங்கத்தில் எட்டு அமெரிக்காவுக்கு. மீதி ஒன்று அர்ஜென்டினாவுக்கு. லோ போஸ்ட் கேட்ட நிபந்தனைக்கும் பொருந்துகிறது, தொழில்முறை அமெரிக்க அணியை வென்றவர்கள். ஒருமுறை இல்லை, இருமுறை. 2002 உலகப் போட்டியில், இண்டியானாபோலிஸில், அமெரிக்க மண்ணிலேயே, 87-80. என்பிஏ ஆட்களைக் கொண்ட அமெரிக்க அணி சந்தித்த முதல் தோல்வி அது. பிறகு ஏதென்ஸ் அரையிறுதியில் 89-81, ஜினோபிலி 29 புள்ளி.

அந்த அமெரிக்க அணி சரியாகத் தயாராகவில்லை என்பார்கள், உண்மைதான், முதல் ஆட்டத்திலேயே பியூர்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோற்றிருந்தது. ஆனால் டங்கனும் ஐவர்சனும் ஆடிய அணி, அதை மறக்க வேண்டாம். அர்ஜென்டினப் பயிற்சியாளர் மக்னானோவின் ஆட்கள், அதாவது ஜினோபிலி, ஸ்கோலா, நோசியோனி, ஒபெர்டோ, பெப்பே சாஞ்செஸ் எல்லோரும், சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவர்கள் அரைக் களத்தில் பந்தை நகர்த்துவதைப் பார்த்தால் யார் நட்சத்திரம் என்றே தெரியாது. ஏதென்ஸ் முதல் ஆட்டத்தில் செர்பியா மாண்டினீக்ரோவுக்கு எதிராக ஜினோபிலி விழுந்துகொண்டே கடைசி நொடியில் போட்ட பந்து, 83-82. நெருக்கடி வேண்டும் என்றீர்களே, இதைவிட வேறென்ன?

ஆறாவது ஆள்:
அர்ஜென்டினாவை நான் இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். முதலிடம் தராததற்குக் காரணம் ஒன்றுதான்: 2002ல் இறுதியில் யுகோஸ்லாவியாவிடம் கூடுதல் நேரத்தில் 84-77 என்று தோற்றார்கள். ஒரு பெரிய பட்டம் கையில், ஒன்று நழுவியது. இவ்கோவிச்சின் அணி மூன்று வருடத்தில் மூன்றையும் வாங்கியது.

லோ போஸ்ட் சொன்ன பாரிஸ் அணியைப் பற்றி: அந்த அரையிறுதியை நான் இருக்கையின் நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன், மனதார மதிக்கிறேன். ஆனால் கரிக்கு 36 வயது, லெப்ரானுக்கு 39, டுரண்டுக்கு 35. அந்த ஆட்களின் உச்சம் வேறு வருடங்களில் இருந்தது. ஒரு கோடைக்கு ஒன்றாக வந்தார்கள், பிரிந்தார்கள்.

1991 ஐரோப்பியப் போட்டியில், ரோமில், யுகோஸ்லாவியா என்ன நிலைமையில் ஆடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்தது, ஸ்டோவ்ட்ஸ் அரையிறுதிக்கு முன்பே அணியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பெட்ரோவிச் அந்தப் போட்டிக்கு வரவே இல்லை. முந்தைய வருடம் பியூனஸ் அயர்ஸில் வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒருவர் களத்துக்குள் கொண்டுவந்த குரோஷியக் கொடியை டிவாட்ஸ் பிடுங்கி எறிந்தார், அதோடு அவருக்கும் பெட்ரோவிச்சுக்கும் இருந்த நட்பு முறிந்தது, 1993ல் பெட்ரோவிச் விபத்தில் இறக்கும்வரை அது சரியாகவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் இறுதியில் இத்தாலியை அதன் சொந்த மண்ணில் 88-73. காலுக்குக் கீழே நாடே உடைந்துகொண்டிருந்தபோது அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே பாஸ் கொடுத்த அணி அது. நெருக்கடி என்று நான் சொல்வதில் இதுவும் அடங்கும்.

மூன்று நொடி:
எல்லோரும் ஆண்கள் அணிகளையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஆறாவது ஆள் சொன்ன அளவுகோல்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: சேர்ந்து வளர்ந்த அணி, வலுவான எதிரணி, நெருக்கடி. மூன்றுக்கும் பொருந்துகிற அணி 1996 அமெரிக்கப் பெண்கள் அணி.

பின்னணி இது. 1992 பார்சிலோனாவில் ஆண்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பெண்கள் அரையிறுதியில் ஒருங்கிணைந்த அணியிடம் 79-73 என்று தோற்றார்கள். 1994 உலகப் போட்டி அரையிறுதியில் ஹோர்டென்சியாவும் பௌலாவும் ஆடிய பிரேசிலிடம் 110-107. பிரேசில் பட்டத்தையும் வாங்கியது. அதன்பிறகு அமெரிக்கா செய்ததுதான் முக்கியம், டாரா வாண்டெர்வீர் தலைமையில் அணியைத் தேர்ந்தெடுத்து ஏறக்குறைய ஒரு வருடம் முழுக்க ஒன்றாகவே வைத்திருந்தார்கள். தெரசா எட்வர்ட்ஸ், லிசா லெஸ்லி, டான் ஸ்டேலி, ஷெரில் ஸ்வூப்ஸ், ரெபெக்கா லோபோ. நாடு நாடாகப் பயணம் செய்து 52 ஆட்டம், 52 வெற்றி. அட்லாண்டாவில் இன்னும் எட்டு. இறுதியில் எதிரில் நின்றது அதே உலக சாம்பியன் பிரேசில், 111-87.

அந்த ஆட்டங்களில் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீகுகள் அந்த நேரத்தில்தான் தொடங்கவிருந்தன, எல்லோரும் இந்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒலிம்பிக்கில் அவர்கள் தோற்கவே இல்லை, தொடர்ந்து எட்டுத் தங்கம், 1992 வெண்கல ஆட்டத்தையும் சேர்த்து 61 வெற்றி. 2024 இறுதியில் பிரான்ஸ் கடைசி நொடியில் போட்ட பந்தில் கால் கோட்டில் பட்டதால் அது இரண்டு புள்ளியானது, 67-66 என்று தப்பித்தார்கள். அவ்வளவு நெருக்கத்தில்கூட அந்தத் தொடர் அறுபடவில்லை.

லோ போஸ்ட்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. டிரீம் டீமுக்காக வாதாடிய எனக்கே இந்தப் பட்டியலில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை.

ஸோன் டிஃபென்ஸ்:
ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி செய்கிற வசதி மற்ற நாடுகளுக்கு இருந்ததா? ஆண்கள் பக்கம் சோவியத் அணியை இதே காரணம் சொல்லித்தான் குறைத்தார்கள்.

மூன்று நொடி:
சோவியத்தைக் குறைத்ததே தவறு என்பது என் எண்ணம். 1988ல் பயிற்சியாளர் கோமெல்ஸ்கி அந்த அணியைச் சேர்த்து வைத்துப் பழக்கினார், அதனால் வென்றார்கள், அதில் என்ன குறை? எல்லா நாட்டுக்கும் அந்த வழி திறந்திருந்தது, செய்தவர்கள் பலனை எடுத்தார்கள்.

ஆறாவது ஆள்:
ஆண்கள் பட்டியலில் என் வரிசை மாறவில்லை: 1989-91 யுகோஸ்லாவியா, 2004 அர்ஜென்டினா, 1992 அமெரிக்கா, 1988 சோவியத், 2008 அமெரிக்கா. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால் அட்லாண்டா பெண்கள் அணிதான் தலையில் வரும், சேர்ந்து ஆடுவது என்று நான் சொன்னதை அவர்கள் வேறு யாரையும் விட முழுமையாகச் செய்திருக்கிறார்கள். 1976, 1980 தங்கம் வாங்கிய சோவியத் பெண்கள் அணியைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள், செம்யோனோவா 2.13 மீட்டர் உயரத்தோடு நின்ற அந்த அணியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் இந்த வரிசை முழுமை ஆகாது.